மாதச் சாமானுக்குப் புறக்கோட்டையா, சந்திக் கடையா, சுப்பர் மார்க்கெட்டா?

கொழும்பு வெள்ளவத்தையில், எங்கள் தொடர்மாடியில் மூன்றாம் மாடிக்குப் புதிதாகக் குடிவந்த பிள்ளை, போன மாதம் ஒரு சனிக்கிழமை பின்னேரம் வந்து கதவைத் தட்டினாள். ஒரு கையில் புறக்கோட்டை மொத்தக் கடைத் துண்டுச் சீட்டும் சுப்பர் மார்க்கெட் பில்லும், மறுகையில் எங்கள் சந்திக் கடைக் கடன் கொப்பி. முகம் வாடியிருந்தது.

"மாமி, எல்லாரும் புறக்கோட்டைக்குப் போ, பாதிக் காசு மிச்சம் எண்டு சொல்லுகினம். போனனான். வந்து கணக்குப் பாத்தால் ஒண்டும் மிச்சமில்லை. எங்கே பிழை விட்டனான்?"

வெள்ளவத்தையில் மட்டுமல்ல, கொட்டாஞ்சேனை, தெஹிவளைப் பக்கத்து உறவுக்காரரும் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். கேட்காமல் இருக்க முடியாது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். முந்தைய வருடம் 100 ரூபாய்க்கு வாங்கிய சாப்பாட்டுச் சாமானுக்கு ஏறத்தாழ 195 ரூபாய் கொடுத்தோம். பிறகு விலை ஏறும் வேகம் தணிந்தது. ஏறின விலை பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. சம்பளமும் அந்த அளவுக்கு ஏறவில்லை. அதனால் எந்தக் கடை என்பது இன்று சின்ன விஷயமில்லை.

அவளோடு இருந்து அந்தச் சீட்டுகளை வரி வரியாகப் பார்த்தேன். அன்று பேசினதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

## எதை வைத்து அளப்பது

கிலோ விலையைப் பார்த்துக் கடையைத் தெரிவு செய்தால் அநேகமாக ஏமாறுவோம். நான் முதலில் பார்ப்பது வாசல் விலை. சாமான் வீட்டுக் குசினிக்குள் வந்து சேரும்வரை போன பஸ் காசு, ஓட்டோக் காசு, சுமைகூலி எல்லாம் சேர்ந்த விலை அது. இரண்டாவது, கெட்டுப்போகும் பங்கு. 10 கிலோ வாங்கி ஒரு கிலோவைக் கொட்டினால், வாங்கினது 9 கிலோதான். மூன்றாவது, காசு எந்த நாளில் கையை விட்டுப் போகிறது என்பது. சம்பள நாளில் மொத்தமாகக் கொடுக்கக்கூடிய வீடும், 20ஆம் திகதிக்குப் பிறகு பேர்ஸ் காலியாகிற வீடும் ஒரே கடையால் பயன்பெறாது. கடைசியாக, எழுதிக்கொண்டு போகாத சாமான் எவ்வளவு பையில் ஏறுகிறது என்பது.

இவற்றுக்கும் முன்னால் சாமானை இரண்டாகப் பிரித்துவிட வேண்டும். பால்மா, சவர்க்காரம், பற்பசை, பிஸ்கட் போன்ற பக்கெட் சாமான்களில் அதிகபட்சச் சில்லறை விலை அச்சடித்தே வருகிறது. எங்கே வாங்கினாலும் வித்தியாசம் கொஞ்சம்தான். அதற்காக ஊர் சுற்றத் தேவையில்லை. பருப்பு, செத்தல் மிளகாய், மல்லி, வெங்காயம், நெத்தலி, மாசி என்று நிறுத்து விற்கும் சாமானில்தான் கடைக்குக் கடை விலை மாறும். அரிசி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 2024 டிசம்பரில் அரசு நாட்டரிசிக்கு 230, சம்பாவுக்கு 240, கீரி சம்பாவுக்கு 260 ரூபாய் என்று கிலோவின் உச்சச் சில்லறை விலையை வர்த்தமானியில் போட்டது. அப்படி ஒரு உச்ச விலை இருக்கிற சாமானை மலிவு என்று தேடி அவ்வளவு தூரம் போய்ச் சுமந்து வருவது வீண் அலைச்சல்.

## புறக்கோட்டை மொத்தக் கடைகள்

அந்தப் பிள்ளை விட்ட பிழை இங்கேதான் இருந்தது. அரிசி 10 கிலோ, சீனி 5, கோதுமை மா 5, பருப்பு 3, உருளைக்கிழங்கு 3, பம்பாய் வெங்காயம் 3. மொத்தம் 29 கிலோ. எங்கள் சந்திக் கடை விலையோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டோம். மிச்சம் 910 ரூபாய். மூட்டையை வீதி வரை கொண்டுவந்த நாட்டாமிக்கு 200, வெள்ளவத்தைக்கு ஓட்டோவுக்கு 1,200. ஆக, அரை நாளும் போய், 490 ரூபாய் நட்டம்.

இதற்கு ஒரு சின்னக் கணக்கு உண்டு. திரும்பி வரும் செலவை, ஒரு கிலோவில் விழுகிற மிச்சத்தால் பிரியுங்கள். அவளுக்குச் செலவு 1,400, கிலோ மிச்சம் சராசரி 31 ரூபாய். அப்படியென்றால் 45 கிலோ வாங்கினால்தான் போன செலவே கட்டும். நாலு பேர் உள்ள வீட்டில் 45 கிலோவை எங்கே வைப்பது?

புறக்கோட்டைக்குப் போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. என்ன வாங்கப் போகிறோம் என்பதை மாற்ற வேண்டும். அரிசியும் சீனியும் மாவும் கனம் கூடியவை, கிலோ விலை குறைந்தவை. செத்தல் மிளகாய், மிளகு, சீரகம், பெருஞ்சீரகம், ஏலம், நெத்தலி, மாசி, கஜு எல்லாம் கனம் குறைந்தவை, விலை கூடியவை. இவற்றில் கிலோவுக்கு 200 ரூபாய் வித்தியாசம் இருந்தாலும் ஐந்து கிலோவில் 1,000 ரூபாய் கையில் நிற்கும். ஐந்து கிலோ என்பது ஒரு சீலைப் பை. தோளில் போட்டுக்கொண்டு கோட்டை ரயில் நிலையத்துக்கு நடந்து, கரையோர ரயிலில் வெள்ளவத்தையில் இறங்கலாம். 100, 101 இலக்க பஸ்களும் காலி வீதி வழியாகத்தான் வருகின்றன. ஓட்டோவே வேண்டாம்.

எங்கள் சமையலுக்கு இது இன்னும் பொருந்தும். யாழ்ப்பாணத் தூளுக்கு வேண்டிய மிளகாய், மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம் எல்லாம் நான்காம் குறுக்குத் தெருவிலும் அதைச் சுற்றியுள்ள கடைகளிலும் எடுக்கலாம். கறிவேப்பிலை போட்டு வறுத்து மில்லில் திரித்தால், பக்கெட் தூளுக்குக் கொடுக்கிற காசில் நல்ல பங்கு மிஞ்சும். எங்கள் வீட்டுச் செலவில் ஒரே மாற்றத்தால் அதிகம் மிஞ்சினது இதில்தான். மஞ்சளையும் கட்டியாக வாங்கி மில்லில் திரித்துக்கொள்ளுங்கள். இறக்குமதி நிறுத்தப்பட்டு 2020இல் மஞ்சள் விலை தலைக்கு மேல் போனபோது, தூளில் எதை எதையோ கலந்து விற்றதை நாங்கள் மறக்கவில்லை.

மறைந்திருக்கும் செலவுகளையும் சொல்லிவிடுகிறேன். மூட்டையின் மேலே இருக்கிற சரக்கும் அடியில் இருக்கிற சரக்கும் எப்போதும் ஒன்றாக இராது. கையை உள்ளே விட்டு எடுத்து மணந்து பாருங்கள். சில கடைகள் மூட்டையாகத்தான் கொடுக்கும், சில்லறைக்குக் கொடுப்பீர்களா என்று முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. ஞாயிறும் போயா நாளும் மொத்தக் கடைகள் பெரும்பாலும் பூட்டு. வெள்ளிக்கிழமை மதியம் ஜும்ஆ நேரத்திலும் பல கடைகள் மூடியிருக்கும். சித்திரைப் புத்தாண்டு, தீபாவளிக்கு முந்தின வாரங்களில் நெரிசலில் விலை கேட்கவே நேரமிராது.

அடுத்தது வண்டு. ஒருமுறை மலிவாக வந்தது என்று நான் 25 கிலோ சம்பா மூட்டை எடுத்தேன். மழைக் காலம், கடற்கரைப் பக்க வீடு, குசினியில் எப்போதும் ஈரக் காற்று. இரண்டாம் மாதம் மூடியைத் திறந்தபோது அரிசி அசைந்தது. புடைத்து, வெயிலில் போட்டு, கடைசியில் ஏழெட்டுக் கிலோவை எறிய வேண்டி வந்தது. சாப்பாட்டுக்கு வரிசையில் நின்ற ஊரில் அரிசியை எறிந்த அந்த நாள் இன்னும் நெஞ்சில் கிடக்கிறது. அதன் பிறகு எங்கள் வீட்டில் 10 கிலோவுக்கு மேல் அரிசி தங்குவதில்லை. செத்தல் மிளகாயை மொட்டைமாடி வெயிலில் ஒரு நாள் காயவைத்துக் காற்றுப் புகாத டின்னிலும், நெத்தலியைக் குளிர்சாதனப் பெட்டியிலும் வையுங்கள். இல்லாவிட்டால் பூஞ்சணத்துக்குத்தான் மிச்சம் பிடித்தது போலாகும்.

கோட்டை, புறக்கோட்டைப் பக்கம் வேலை செய்கிறவர்களுக்கு வேறு கடையே வேண்டாம். எப்படியும் வரும் வழி, கிழமைக்கு இரண்டு கிலோவாகக் கொண்டுவரலாம். இரண்டு மூன்று வீடு சேர்ந்து ஓட்டோக் காசைப் பங்கு போடுகிறவர்களுக்கும், அந்தியேட்டி, பிறந்தநாள் என்று பெரிய சமையல் வருகிறவர்களுக்கும் இது நல்லது.

## சந்திக் கடையும் கொப்பியும்

இந்தக் கடையைப் பற்றி மோசமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 2022இல் பால்மாவுக்கு ஊரெல்லாம் வரிசை நின்றபோது, எங்கள் சந்தி முதலாளி பழகின வீடுகளுக்கென்று ஆளுக்கொரு பக்கெட் எடுத்து வைத்திருந்தார். அச்சடித்த விலைக்கு மேல் ஒரு சதம் கேட்கவில்லை. பழுதான தேங்காயை உடைத்த பாதியோடு கொண்டுபோனாலும் மாற்றித் தருவார். 2025 தொடக்கத்தில் தேங்காய் ஒன்று 200 ரூபாயைத் தாண்டிய காலத்தில் அது சின்ன உதவியில்லை. 50 கிராம் சீரகமும் அரை றாத்தல் பாணும் அங்கேதான் வாங்கலாம். வாசல் விலையில் போக்குவரத்து பூச்சியம், வைத்துக் கெடுக்கிறதும் குறைவு.

ஆனால் கொப்பி வேறு, கடை வேறு.

கொப்பியில் வாங்குகிறவர் விலை கேட்பதில்லை. கேட்க நா எழாது, கடன் வாங்குகிற கை தாழ்ந்தே நிற்கும். கொப்பிக்காரருக்குச் சாமான் நூற்றுக்கு 5 கூடுதலாக விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 20,000 ரூபாய் கொப்பி என்றால் 1,000 ரூபாய். பெரிதாகத் தெரியாது. ஆனால் முதலாம் திகதி வாங்கினதற்கு 30 நாள் கடன், 29ஆம் திகதி வாங்கினதற்கு ஒரு நாள் கடன். சராசரி 15 நாள். 15 நாளுக்கு நூற்றுக்கு 5 என்றால் மாதத்துக்கு 10, வருடத்துக்கு 120. எந்த வங்கிக் கடனட்டையும் இவ்வளவு கேட்பதில்லை. நட்பாகத் தருகிற கடன் என்பதால் இந்தக் கணக்கை ஒருவரும் போட்டுப் பார்ப்பதில்லை.

இன்னொன்று, பிள்ளைகளைக் கடைக்கு அனுப்புவது. "அம்மா எழுதச் சொன்னவ" என்று ஒரு சொல் போதும், சொக்லேட் கொப்பியில் ஏறிவிடும். மூன்றாம் மாடிப் பிள்ளையின் கொப்பியில் ஒரே மாதத்தில் ஐஸ்கிரீமும் சோடாவும் பதினொரு இடத்தில் இருந்தன. அவளுக்கே தெரியாது.

கொப்பியை ஒரேயடியாக நிறுத்து என்று சொல்வது சுலபம், ஒரு மாதச் செலவு கையில் முன்பணமாக இல்லாத வீட்டால் அது முடியாது. அதனால் ஒவ்வொரு சாமானாக வெளியே எடுங்கள். இந்த மாதம் அரிசி மட்டும் கைக்காசு. அது பழகினதும் பால்மா. பிறகு தேங்காய். ஏழெட்டு மாதத்தில் கொப்பியில் பாணும் தீப்பெட்டியும்தான் மிஞ்சும். ஒவ்வொரு இரவும் அந்தப் பக்கத்தைத் தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள். முதலாளியைச் சந்தேகிக்க வேண்டாம், எழுதும்போது எங்கள் கண்ணும் கூட இருக்கட்டும். கைக்காசுக்கு விலை குறைப்பீர்களா என்று வெட்கப்படாமல் கேளுங்கள். பெரும்பாலும் குறைப்பார்கள், அவர்களுக்கும் அன்றைக்கே காசு வேண்டும்.

## சுப்பர் மார்க்கெட்

விலை எழுதியிருக்கும், தராசு கண்ணெதிரே, பில் கையில். பேரம் பேசத் தயங்குகிறவர்களுக்கும், இருவரும் வேலைக்குப் போய் இரவு எட்டு மணிக்குச் சந்தியில் இறங்குகிறவர்களுக்கும் இது பெரிய ஆறுதல்.

இங்கே உண்மையான இலாபம் வங்கி அட்டைக் கழிவில் இருக்கிறது. மரக்கறி, பழம், மீனுக்குச் சில நாட்களில் 20, 25 வீதம் என்று விளம்பரம் வரும். 4,000 ரூபாய் மரக்கறிக்கு 25 வீதம் கிடைத்தால் 1,000 ரூபாய் மிச்சம். அதைச் சந்தையாலும் வெல்ல முடியாது. விளம்பரத்தின் அடியில் உள்ள சின்ன எழுத்தைக் கட்டாயம் வாசியுங்கள். குறைந்தது இவ்வளவுக்கு வாங்க வேண்டும், கழிவு இவ்வளவுக்கு மேல் போகாது, கடனட்டைக்கு மட்டும் என்று நிபந்தனை இருக்கும். அந்தக் குறைந்த தொகையை எட்ட வேண்டாத சாமானைக் கூடைக்குள் போட்டால் கழிவு போன வழி தெரியாது. அட்டைக் கணக்கை மாதக் கடைசியில் முழுதாகக் கட்டாதவர்கள் இந்தப் பக்கமே போகாதிருப்பது நல்லது. வட்டி அந்த 1,000 ரூபாயை விழுங்கிவிடும்.

பெரிய பக்கெட் எப்போதும் மலிவு என்று நம்பாதீர்கள். 400 கிராம் பால்மா இரண்டரைப் பக்கெட்டின் விலையை ஒரு கிலோப் பக்கெட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள், சில மாதங்களில் சின்னதுதான் மலிவாக இருக்கும். சீலைப் பை கொண்டுபோங்கள், பொலித்தீன் பைக்கும் இப்போது காசு. பசியோடும் பிள்ளைகளோடும் போகாதீர்கள். அந்தப் பிள்ளையின் பில்லில் 31 வரி இருந்தது. வீட்டில் எழுதிக்கொண்டு போனது 12.

## மரக்கறிக்கு

மரக்கறி வாங்கப் புறக்கோட்டை போவதில் இப்போது அர்த்தமில்லை. மெனிங் சந்தை 2020இலேயே பேலியகொடைக்குப் போய்விட்டது, அதுவும் மொத்த வியாபாரம். வெள்ளவத்தைச் சந்தையோ, நாரஹேன்பிட்டிப் பொருளாதார மத்திய நிலையமோ, பக்கத்தில் கூடும் வாரச் சந்தையோ போதும். மூடும் நேரத்துக்குக் கிட்டப் போனால் கீரையும் தக்காளியும் இறங்கின விலைக்குக் கிடைக்கும், அன்றே சமைக்கிறதானால் மட்டும் எடுங்கள். வெங்காயத்துக்கு ஊர் அறுவடைக் காலத்தையும் இந்தியச் செய்தியையும் கவனித்தால் போதும். 2023 டிசம்பரில் இந்தியா ஏற்றுமதியை நிறுத்தி 2024 மே வரை வைத்திருந்தபோது எந்தக் கடைக்குப் போயும் பயனிருக்கவில்லை, குறைத்துச் சமைத்ததுதான் வழி.

அரசின் சதொச கடை வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் சீனி, பருப்பு, டின் மீன் விலையைப் பார்த்துவிட்டு மற்றக் கடைக்குப் போங்கள். பஸ் ஏறிப் போக வேண்டாம், தேடின சாமான் அன்று இல்லாமல் போகலாம். வீட்டுக்கே கொண்டுவரும் செயலிகள் நோயாளியோ கைக்குழந்தையோ உள்ள வீட்டுக்கு உதவி. மற்றவர்களுக்கு அந்தக் கட்டணமே வாசல் விலையை ஏற்றிவிடும்.

## ஒரே பார்வையில்

| | புறக்கோட்டை | சந்திக் கடை | சுப்பர் மார்க்கெட் | மரக்கறிச் சந்தை |
|---|---|---|---|---|
| எதற்கு நல்லது | தூள் சரக்கு, நெத்தலி, மாசி, கஜு | அரிசி, சீனி, மா, தேங்காய், பாண் | பால்மா, சவர்க்காரம், அட்டைக் கழிவு நாளில் மீன், பழம் | மரக்கறி, கீரை |
| போக்குவரத்து | கனமானால் கழுத்தை அறுக்கும் | இல்லை | கொஞ்சம் | கொஞ்சம் |
| கெடும் ஆபத்து | கூட | குறைவு | நடுத்தரம் | அதிகம் வாங்கினால் கூட |
| காசு | அன்றைக்கே கையில் வேண்டும் | கடன் கிடைக்கும், அதுதான் ஆபத்தும் | அட்டை | கைக்காசு |
| நினையாச் செலவு | குறைவு | கொப்பி இருந்தால் கூட | மிகக் கூட | மிகக் குறைவு |

எங்கே வாங்கினாலும் தராசில் அரச முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களம் அதை வருடாவருடம் சரிபார்த்துக் குத்த வேண்டும். அச்சடித்த விலைக்கு மேல் கேட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கலாம்.

## எந்த வீட்டுக்கு எது

தனியாக அறை எடுத்துத் தங்கியிருக்கிற பிள்ளைகளுக்குப் புறக்கோட்டை வேண்டாம். சந்திக் கடையில் கைக்காசுக்குச் சின்னச் சின்னதாக வாங்குங்கள், கெடுகிறது எதுவுமிராது. பென்சன் காசில் இருக்கிற வயதான தம்பதிகளுக்கும் இதுவே, படியேறிச் சுமக்கிற நோவுக்கு எந்த மிச்சமும் ஈடில்லை. இருவரும் சம்பாதித்து அட்டையை முழுதாகக் கட்டுகிற வீட்டுக்குச் சுப்பர் மார்க்கெட் கழிவு நாள் பொருந்தும், எழுதின சீட்டோடு. நாலைந்து பேர், ஒரு சம்பளம், மூன்று நேரமும் வீட்டுச் சமையல் என்றால், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை புறக்கோட்டைச் சரக்கு, அரிசிக்கும் மாவுக்கும் சந்திக் கடை, மரக்கறிக்குச் சந்தை என்று பிரியுங்கள். அந்தப் பிள்ளையின் வீடு இந்தக் கடைசி வகை.

இந்த மாதம் அவள் கீழ் வீட்டு ரீச்சரோடு ரயிலில் போனாள். மிளகாய் இரண்டு கிலோ, மல்லி இரண்டு, சீரகம், மிளகு, பெருஞ்சீரகம் கொஞ்சம், நெத்தலி ஒரு கிலோ. ஒரே பை. மறுநாள் காலை வறுத்த மணம் படிக்கட்டெல்லாம் நின்றது. எங்கள் கடை விலையோடு ஒப்பிட்டு, ரயில் காசும் மில் கூலியும் கழித்துப் பார்த்தோம். 1,340 ரூபாய் கையில். அன்று பின்னேரமே அதோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து எடுத்துக்கொண்டு சந்திக்குப் போனாளாம். "அண்ணை, பத்துக் கிலோ நாட்டரிசி தாங்கோ. இதைக் கொப்பியில எழுத வேண்டாம்."